சேர்வராயன் மண்ணுக்குள்: கூப்பிடுகிறவையும் கூப்பிடாதவையும்

வருஷத்தில் ஏழெட்டு இரவுகள்தான் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் மண்ணுக்குள் குடியிருக்கும் தவளைகள் இருக்கிற சுவடே தெரியாது. சித்திரை வெயிலில் காடு கரம்பெல்லாம் வெடித்துக் கிடக்கும்போது, "உன் காலுக்குக் கீழே ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் ஏற்காட்டுப் பக்கம் வானம் கறுத்து வரும். இடியோடு ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டித் தீர்க்கும். இருட்டி எட்டு மணி ஆகும்போது அடிவாரத்திலும் குப்பனூர் பாதையிலும் தோட்டத்து ஓரப் பள்ளங்களிலும் தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் சத்தம் கிளம்பும். காலையில் வறண்டு கிடந்த இடத்தில் இத்தனை தவளைகள் எங்கிருந்து வந்தன? மழையோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று என் பாட்டி சொல்வார். அவை கீழேயிருந்து வந்தவை.

அந்த இரவுகளுக்காகவே நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன். கையில் டார்ச், காலில் முழங்கால் வரை பூட்ஸ், தோட்டக்காரரிடம் முன்கூட்டியே வாங்கிய அனுமதி, கூட ஒரு நண்பர். இப்படிப் போய்ப் போய் எனக்குப் புரிந்தது இது: இந்த மலையின் மண்ணடி உயிர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, குரல் கொடுக்கும் உயிர்களைப் பற்றியது. வாய் திறக்காத உயிர் ஒன்று அதே மண்ணில் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க வேறு வழி வேண்டும், வேறு ஆட்களும் வேண்டும்.

முதலில் குரல் கொடுப்பவை. சேலத்துச் சமவெளியிலும் மலைச் சரிவிலும் மண்ணுக்குள் இறங்கி வாழும் தவளைகளில் இரண்டு கூட்டங்கள் முக்கியமானவை. ஒன்று ஸ்பேரோதெக்கா. குட்டையான தலை, உருண்டை உடம்பு, மண் நிறம். அதில் பிரெவிசெப்ஸ் என்ற இனத்துக்கு ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் 1799-இல் பெயர் வைத்தார், அதுவும் நம் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து போன தவளையை வைத்து. இன்னொன்று உபெரோடான். வாய் மிகச் சிறியது, உடம்பு பலூன் மாதிரி. பயந்தால் காற்றடைத்து உப்பிக்கொள்ளும். அதிலும் ஒரு வகைக்கு முதுகில் செங்கல் நிறத்தில் பட்டைகள் இருக்கும், யாரோ தூரிகையால் தீட்டிய மாதிரி. டார்ச் வெளிச்சத்தில் முதல்முறை அதைப் பார்த்தவர்கள் ஒரு நிமிஷம் பேசமாட்டார்கள்.

இவை எப்படி மண்ணுக்குள் போகின்றன என்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். மழை விட்டு ஈரம் காயாத செம்மண். ஒரு ஸ்பேரோதெக்கா, எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். எலியும் பெருச்சாளியும் முன்னங்காலால் தோண்டித் தலையை நுழைத்துப் போகும். இது அப்படியில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, பின்னங்கால்களால் மண்ணைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. இடது கால், வலது கால், மறுபடி இடது. பின்னங்காலின் உள்பக்கத்தில் முதல் விரலை ஒட்டி ஒரு கெட்டியான மேடு உண்டு, கரண்டி முனை மாதிரி. அதுதான் அதன் மண்வெட்டி. ஒவ்வொரு தள்ளலுக்கும் உடம்பு கொஞ்சம் திரும்பிக் கொஞ்சம் இறங்கியது. இடுப்பு மறைந்தது, முதுகு மறைந்தது. கடைசியில் மேலே பார்த்தபடி இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் மட்டும் மிச்சம். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு சுற்றியிருந்த மண் தானாகச் சரிந்து மூடிக்கொண்டது. நண்பர் கடிகாரம் பார்த்திருந்தார், நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தால் மற்ற மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழி இல்லை, வளை இல்லை, வாசல் இல்லை. பகலில் ஆயிரம் தடவை அதன் மேல் நடந்துபோனாலும் தெரிய வாய்ப்பே இல்லை.

அப்படியானால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் முன்னோருக்கு விடை தெரிந்திருந்தது. "நுணலும் தன் வாயால் கெடும்" என்று இன்றும் சொல்கிறோம். பெரும்பாலும் இந்தப் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். பழமொழி நானூற்றில் அது முழுதாக இருக்கிறது: "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்." வாயைக் கட்டு என்று அறிவுரை சொல்லும் வரியாகவே இதை எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு இது ஒரு களக்குறிப்பு. மணலுக்குள் மூழ்கி மறைந்து கிடக்கும் தவளை ஒன்று உண்டு, கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது, அது கத்தும்போது மட்டும்தான் இருக்கும் இடம் தெரியும். இந்த மூன்றையும் அறிந்தவர்தான் அந்த உவமையைச் சொல்லியிருக்க முடியும். இன்று இரவு நேர ஆய்வுக்குப் போகிறவர்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறார்கள்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் பக்கத்தில் போனதும் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும், காலடி அதிர்வு அவற்றுக்குத் தெரிந்துவிடும். டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்து நிமிஷம், சில நேரம் பத்து. முதலில் துணிச்சலான ஒன்று ஆரம்பிக்கும். பக்கத்தில் இன்னொன்று பதில் சொல்லும். அப்புறம் பள்ளம் முழுக்க எடுத்துக்கொள்ளும். சீப்பின் பல்லை நகத்தால் வருடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அது மைக்ரோஹைலா, விரல் நுனி அளவே இருக்கும் சின்னத் தவளை. அந்த உடம்பிலிருந்தா இவ்வளவு சத்தம் என்று இருக்கும். அதைக் காதிலிருந்து விலக்கிவிட்டு, அடியில் கனமாக வரும் குரலைத் தேட வேண்டும். இருவர் பத்தடி தள்ளித் தள்ளி நின்று, சத்தம் வரும் திசையில் ஆளுக்கொரு கையை நீட்டினால், இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் தவளை இருக்கும். அங்கே மட்டும் வெளிச்சம் போட்டால் போதும்.

வெளிச்சம் போடுவதிலும் ஒரு ஏமாற்று உண்டு. டார்ச்சை நெற்றிக்கு நேராக வைத்து அடித்தால் புல்வெளி முழுக்கப் பச்சைப் பொட்டுகளாக மின்னும். எல்லாம் தவளைக் கண் என்று புதியவர்கள் குதிப்பார்கள். கிட்டப் போனால் ஓநாய்ச் சிலந்திகள். தவளையின் கண் கொஞ்சம் பெரிதாக, மங்கலாக, இரண்டாகத் தெரியும்.

உபெரோடான் ஆண் தவளை தண்ணீரில் மிதந்துகொண்டே கத்தும். உடம்பெல்லாம் உப்பி, தொண்டைப் பை இன்னொரு பந்தாக வீங்கி, காற்றடித்தால் அப்படியே நகரும். மழை நின்று இரண்டு மூன்று நாளில் இந்த ஆர்ப்பாட்டம் முடிந்துவிடும். முட்டை தண்ணீர் மேல் படலமாகக் கிடக்கும், தலைப்பிரட்டைகள் குட்டை வற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டும். பெரியவை மண்ணுக்குத் திரும்பிவிடும்.

ஏன் மண்ணுக்குள் இந்த வாழ்க்கை? தவளைக்குத் தோல்தான் பாதி நுரையீரல், அது ஈரமாக இருந்தால்தான் மூச்சு. சேலத்துக் கோடையில் மேலே இருந்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். அரை அடி, ஒரு அடி கீழே போனால் வெப்பம் குறைகிறது, ஈரம் நிற்கிறது, கறையானும் எறும்பும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. உபெரோடானின் சின்ன வாய் அந்தத் தீனிக்காகவே அமைந்தது. சிறுநீர்ப்பையில் தேக்கிய நீரைத் தோலின் வறட்சிக்கு ஏற்ப உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். சரி, மேலே மழை பெய்வது கீழே இருப்பதற்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் சோனோரன் பாலைவனத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். அங்கே மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் தேரைகளை எழுப்புவது, மழை தரையில் விழும் தாழ்ந்த அதிர்வு. ஈரம் உள்ளே இறங்கும் வரை அவை காத்திருப்பதில்லை.

இந்த வாழ்க்கையின் எல்லை வரை போன தவளை நமக்குப் பக்கத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. ஊதாத் தவளை. இடுக்கியில் கிடைத்ததை வைத்து 2003-இல் பிஜு, பொசுய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அதை உலகுக்கு அறிவித்தபோது பெரிய பரபரப்பு, அதன் நெருங்கிய சொந்தம் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருந்ததால். வருஷத்தில் சில நாட்கள் மட்டுமே வெளியே வரும். ஆண் பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்தபடியே கத்தும். ஓடைப் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் அதன் தலைப்பிரட்டையை ஆய்வாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட்டார்கள். தாய் தகப்பன் யார் என்று தெரிய எண்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 2017-இல் அதன் தம்பி மாதிரி இன்னொரு இனம் தமிழ்நாட்டுப் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கிடைத்தது. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இவையெல்லாம் குரல் உள்ளவை. இனி குரல் இல்லாதது.

சிசிலியன் என்று ஒரு உயிரினம் உண்டு. தவளைக்கும் தேரைக்கும் தூரத்துச் சொந்தம், நீரிலும் நிலத்திலும் வாழும் வகுப்பைச் சேர்ந்தது. ஆனால் காலே கிடையாது. பார்த்தால் பெரிய நாக்குப்பூச்சி (மண்புழு) மாதிரி இருக்கும், அல்லது சின்னப் பாம்பு மாதிரி. உலகில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன. மேற்கு மலைகளில் அதிகம் தென்படுவது இக்தியோபிஸ் என்ற பேரினம். கருநீலமோ காப்பி நிறமோ கலந்த வழவழப்பான உடம்பு, சில இனங்களுக்குப் பக்கவாட்டில் மஞ்சள் கோடு. ஒரு அடி நீளம் வரும். உடம்பெங்கும் வளையம் வளையமாகக் கோடுகள்.

இதன் தலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். கண் ஒரு மங்கலான புள்ளி, தோலுக்கு அடியில் புதைந்திருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து நுனி போன்ற உணர்கொம்பு ஒன்று வெளியே வந்து உள்ளே போகும். முதுகெலும்புள்ள வேறு எந்த விலங்குக்கும் இப்படி ஒரு உறுப்பு இல்லை. இருட்டில் வாசனையையும் தொடுகையையும் அதைக்கொண்டே அறிகிறது. மண்டையோடு ஒரே கட்டியாக இறுகியிருக்கும், ஏனென்றால் தலைதான் இதற்குக் கடப்பாரை. தோல் ஒரு பக்கம் மண்ணைப் பிடித்து நிற்க, உள்ளே முதுகெலும்பு தனியாக முன்னால் நகர்ந்து தலையைத் தள்ளும். வாய்க்குள் பல் வரிசை உண்டு.

பிள்ளை வளர்ப்பில் இவை செய்வதைக் கேட்டால் நம்ப முடியாது. இக்தியோபிஸ் தாய் நீரோடைக்குப் பக்கத்து ஈர மண்ணில் குழி செய்து முட்டையிட்டு, அதைச் சுற்றி வளைந்து படுத்துக் காக்கும். இதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் சராசின் குடும்பத்து ஆய்வாளர்கள் இருவர் படம் வரைந்து பதிவு செய்தார்கள். கென்யாவில் ஒரு இனம், குட்டிகளுக்குத் தன் தோலையே தீனியாகக் கொடுக்கிறது. தாயின் மேல்தோல் கொழுப்பேறித் தடித்துவிடும், குட்டிகள் அதற்கென்றே அமைந்த பற்களால் உரித்துச் சாப்பிடும். இது 2006-இல் வெளியானது. பிரேசிலில் இன்னொரு இனத்தின் தாய், பால் போன்ற கொழுப்புத் திரவத்தைக் குட்டிகளுக்குச் சுரக்கிறது என்று 2024-இல் அறிவித்தார்கள். குட்டிகள் சத்தம் போட்டுக் கேட்கின்றன, தாய் கொடுக்கிறது. அந்தத் தாய்களை எடுத்தது ஆள் நுழையாத காட்டிலிருந்து அல்ல, நிழல் மரங்களுக்கு அடியில் வளரும் கொக்கோ தோட்டத்து மண்ணிலிருந்து. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. நிழல், மக்கிய இலை, பக்கத்தில் ஓடை, ஈரம் காயாத மண். எல்லாம் இங்கேயும் இருக்கிறது.

குட்டி தாயிடம் எழுப்பும் மெல்லிய சத்தத்தை விட்டால், தவளை மாதிரி கூட்டமாகக் கத்தி இணை தேடும் வழக்கம் சிசிலியனுக்குக் கிடையாது. பழமொழியின் சூத்திரம் இங்கே வேலை செய்யாது. காதை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது. தோண்ட வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் பிஜுவின் குழுவினர் 5 ஆண்டுகள், ஏறக்குறைய 250 இடங்களில், மழைக்காலத்தில் மண்வெட்டியோடு தோண்டித் தேடியதன் பலனாகத்தான் 2012-இல் சிக்கிலிடே என்ற ஒரு முழுக் குடும்பமே அறிவியலுக்குத் தெரியவந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வட பகுதியில், ஒடிசா ஆந்திரப் பக்கம், கெகேனியோபிஸ் ஓரியன்டாலிஸ் என்ற இனம் 2013-இல் பெயர் பெற்றது. அதன் சொந்தங்கள் எல்லாம் மேற்கு மலையில் இருக்க, இது மட்டும் கிழக்கே இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. நேற்று வந்து குடியேறியது அல்ல. தோண்டிப் பார்க்க ஆள் போனது 2013-க்குக் கொஞ்சம் முன்புதான்.

இங்கே சேர்வராயன் மலையின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு 1500 மீட்டர், சேர்வராயன் கோயில் முகடு 1600-ஐத் தாண்டும். கீழே மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் கரடும் முள்காடும் வெயிலும். மேலே 1500 மில்லிமீட்டர் மழை, மேகம், சோலை மிச்சங்கள். ஈரத்தை நம்பி வாழும் ஒரு உயிர் இந்த உச்சியிலிருந்து கொல்லிமலைக்கோ கல்வராயனுக்கோ சமவெளியைத் தாண்டிப் போக முடியாது. கடலுக்கு நடுவில் தீவு மாதிரிதான். இப்படிப்பட்ட இடத்தில் ஒதுங்கிய உயிர்கள் தனியாக மாறிக்கொண்டே போகும்.

மாறியும் இருக்கின்றன. பெடோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1863-இல் இந்த மலையிலிருந்து ஒரு மண்ணடிப் பாம்புக்கு, கேடயவால் பாம்பு வகை, ஷார்ட்டி என்று பெயர் சூட்டினார். பிற்காலத்தில் அதை வேறொரு பரவலான இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2014-இல் மறு ஆய்வு செய்து, இல்லை, இது தனி இனம்தான் என்று மீட்டெடுத்தார்கள். நூற்றைம்பது வருஷம் ஆனது. 1870-இல் அதே பெடோம் இங்கிருந்து பொன்னிறம் கலந்த ஒரு சின்னப் பல்லியை விவரித்தார். ஏற்காட்டின் பெயரையே தாங்கிய பகல் பல்லி 2000-ஆம் ஆண்டில்தான் பெயர் பெற்றது. பகலில் பாறையில் உட்கார்ந்திருக்கும் பல்லிக்கே 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தால், மண்ணுக்குள் ஓசையில்லாமல் இருக்கும் ஒன்றுக்கு எவ்வளவு காலம்?

நான் இந்த மலையில் சிசிலியனை இதுவரை பார்த்ததில்லை. ஓடைக்கரை, எருக்குழி ஓரம், விழுந்து மக்கிய மரத்தின் அடி என்று தேடிய இரவுகள் பல. பார்க்காததை வைத்து "இங்கே இல்லை" என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல, ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு உயிர் ஓர் இடத்தில் நிச்சயமாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு இரவு தேடினால் அது கண்ணில் பட நூற்றுக்கு 5 வாய்ப்பு என்று வைப்போம், மண்ணடி உயிருக்கு இது தாராளமான கணக்கு. பத்து இரவு தேடியும் அது சிக்காமல் போக வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 60. அதாவது அது இருக்கிற இடத்தில் பத்து இரவு அலைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் "இல்லை" என்று தவறாகத்தான் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்தை 10 சதவீதத்துக்குக் கொண்டுவர 45 இரவுகள் வேண்டும். வருஷத்துக்கு ஏழெட்டு நல்ல இரவு கிடைக்கும் ஊரில் 45 இரவு என்பது ஆறு வருஷ வேலை. மழை பொய்த்தால் இன்னும் கூடும். தவளைக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது, முதல் மழையிலேயே அது தன்னைச் சொல்லிவிடும்.

தோண்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தேடுகிறோம் என்ற பெயரில் ஒரு சரிவையே புரட்டிப் போட்டால், தேடிய உயிரின் வீட்டை நாமே அழித்தவர்கள் ஆவோம். தூக்கிய கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். கிளறிய இலைச் சருகை மூட வேண்டும். ஒரே குழியை மறு வாரம் போய்த் தோண்டக்கூடாது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவதற்கு முன் பூட்ஸைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, காயவைக்க வேண்டும். உலகம் முழுக்கத் தவளைகளை அழித்த கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது, சேற்றோடு சேர்ந்து நம் காலில் அது பயணம் செய்யும். கொசு மருந்து தடவிய கையால் எந்தத் தவளையையும் தொடக்கூடாது, தோல் வழியாக அது உள்ளே போய்விடும். காப்புக்காட்டுக்குள் இரவில் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். காட்டுமாடும் கட்டுவிரியனும் இருக்கும் மலை இது, தனியாகப் போகக்கூடாது.

ஆக, நாலு பேர் டார்ச்சோடு வருஷத்துக்கு எட்டு இரவு போவதால் இந்தக் கேள்வி தீராது. இந்த மண்ணை நாள் தவறாமல் கிளறுகிறவர்கள் யார்? தோட்டத்தில் களை கொத்துகிறவர்கள், குழி எடுக்கிறவர்கள், மலைக்கிராமத்தில் சொந்தக் காட்டை வெட்டுகிற மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையின் பழங்குடியினர்). 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி நட்ட காலத்திலிருந்து இந்த மலையின் மண் கை மாறாமல் அவர்கள் மண்வெட்டியில்தான் புரள்கிறது. ஒரு ஆய்வாளர் வாழ்நாளில் தோண்டும் மண்ணை அவர்கள் ஒரு பருவத்தில் புரட்டிவிடுவார்கள். சிசிலியன் இங்கே இருந்தால் அதை முதலில் பார்த்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். பார்த்த மறுகணம் பாம்பு என்று வெட்டியிருக்கவும் கூடும். மற்ற மலைகளில் நடப்பது அதுதான்.

அதனால் கொஞ்ச காலமாக நான் இரவில் தேடுவதைவிடப் பகலில் கேட்பதை அதிகமாக்கிவிட்டேன். கேட்பதற்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மண்ணிலிருந்து நீளமாக வரும் நாலு உயிர்கள் ஒன்று போலவே தெரியும். நாக்குப்பூச்சிக்கு வாயில் பல் கிடையாது, உடம்பை எங்கே பிடித்தாலும் கொழகொழவென்று நீளும், சுருங்கும். பூநாகம் என்று சொல்லும் புழுப்பாம்பு ஈர்க்குச்சி கனம்தான், கறுத்து எண்ணெய் தடவியது மாதிரி மின்னும், கையில் விட்டால் வால் நுனியால் குத்திப் பார்க்கும், ஆபத்தில்லை. (அதில் நம் வீட்டுப் பூந்தொட்டியில் வருவது முழுக்கப் பெண்ணாகவே இருந்து ஆண் இல்லாமல் பெருகும் இனம்.) கேடயவால் பாம்புக்குச் செதில் உண்டு, தலை கூர்மை, வால் சாய்வாக வெட்டிய மாதிரி மொட்டையாக இருக்கும். சிசிலியனுக்கு வெளியே செதில் தெரியாது, தோல் ஈரமாக வழுக்கும், வளையக் கோடு இருக்கும், வாயும் பல்லும் இருக்கும், தொட்டால் விரைப்பாகத் திமிறும். கடித்து நமக்கு ஒன்றும் ஆகாது.

போன வருஷம் நாகலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் களை கொத்திக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் இதைக் கேட்டேன். அறுபது வயதிருக்கும்.

"மண்ணுக்குள்ள இருந்து பாம்பு மாதிரி ஏதாச்சும் வருமாம்மா?"

"வருமே தம்பி. இருதலைன்னு சொல்லுவோம். ரெண்டு பக்கமும் தலை."

"அடிச்சுருவீங்களா?"

"அப்ப அடிப்போம். இப்ப ஓரமா தள்ளி விட்டுர்றது."

"வாலு எப்படி இருந்துச்சு?"

அவர் கொத்தைக் கீழே வைத்தார். இடது கையின் சுட்டுவிரலை நீட்டி, வலது கையைக் கத்தி மாதிரி வைத்து, நகத்துக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். "இப்படி. அறுத்து வெச்ச மாதிரி. சொரசொரன்னு இருக்கும்."

கேடயவால் பாம்பு. பெடோம் 1863-இல் எழுதிய விவரத்தை விரலால் சொல்லிவிட்டார். சந்தேகமே இல்லை. என் போனில் இருந்த சிசிலியன் படத்தைக் காட்டினேன். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இருதலை இல்லையே. கோடு கோடா இருக்குது."

"ஆமாம்மா. பாத்திருக்கீங்களா?"

"ஓடைக்கரையில வெட்டுறப்ப வழவழன்னு தடியா ஒண்ணு வரும். பெரிய நாக்குப்பூச்சின்னு அப்படியே விட்டுருவோம். வாயெல்லாம் யாரு பாத்தா?"

கிடைத்தால் கையால் பிடிக்க வேண்டாம், ஈர மண் போட்ட வாளியில் விட்டு, தலைப் பக்கம் ஒரு படம், வால் பக்கம் ஒரு படம் எடுத்துவிட்டு அங்கேயே மண்ணில் விட்டுவிடச் சொன்னேன். படம் எடுக்க மருமகன் போன் இருக்கிறது என்றார். என் நம்பரை ஒரு பீடிக்கட்டு உறையின் உள்பக்கத்தில் எழுதி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். ஆடி மாதம் ஓடைக்கரை ஓரமாகப் புதுக் கன்றுக்குக் குழி எடுக்கிறார்களாம், நானூறு குழி.